ஏழாம் குழி இருந்த வீடு

பனிக்கொம்பையில் உறைபனி கனமாக விழுந்த ஒரு தை மாதத்துக் காலையில், ஊருக்கு அடியில் மூன்று தலைமுறையாகப் புதைந்து கிடந்த பழைய கோல்ஃப் மைதானம் மேலே வந்தது. ஆரவாரம் எதுவும் இல்லாமல் வந்தது. பஸ் நிலையத்தின் தாரை விலக்கிக்கொண்டும், மீன் மார்க்கெட்டின் கடப்பைக் கல்லை ஓரமாக நகர்த்திவிட்டும், பதிவாளர் அலுவலகத்தில் கல்யாண ஜோடிகள் கையெழுத்துப் போடக் காத்து நிற்கிற இடத்திலும், பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு பெஞ்சுகளுக்கு நடுவிலும், மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துச் சரிவிலும் புல் எழும்பி, நெருங்கி, வெட்டிவிட்டாற்போல ஒரே உயரத்தில் நின்றது. சுவர் ஒன்றும் விழவில்லை. கூரை ஒன்றும் விரிசல் விடவில்லை. வீடுகளும் கடைகளும் நின்ற இடத்திலேயே நிற்க, வெளியூர் போயிருந்த பழைய குடித்தனக்காரர் சாவியோடு திரும்பி வந்தாற்போல, அவற்றின் கால்களுக்கு நடுவில் மைதானம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பது இடத்தில் ஒன்பது குழி, குழிக்குள் ஒரு தகரக் குவளை, குவளையில் செருகிய ஒரு கம்பு, கம்பின் நுனியில் நேற்றுத்தான் கட்டினாற்போலச் சாயம் போகாத சிவப்புத் துணி.

காலை பதினோரு மணி வரைக்கும் ஊர் இதை நகராட்சியின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தது. பிறகு மேட்டிலிருந்து கோல்ஃப் கிளப்பின் செயலாளர், ஓய்வு பெற்ற கர்னல் தேவசகாயம், கிளப்பின் கணப்படுப்புக்கு மேலே மாட்டியிருந்த பழைய படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பஸ் நிலையத்தில் நின்று படத்தைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது எங்க முதல் மைதானம்" என்றார்.

"அப்ப எடுத்துட்டுப் போங்க சார், வண்டி திருப்பணும்" என்றார் கோத்தகிரி பஸ்ஸின் கண்டக்டர்.

அந்தக் கிளப்பின் சரித்திரமே இடம் பெயர்ந்த சரித்திரம்தான். வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளும் பட்டாளத்து அதிகாரிகளும் மட்டக்குதிரையில் வந்து, ஊர் என்று ஒன்று இல்லாத இந்தப் பள்ளத்தாக்கில், ஆட்டு மந்தையை விட்டுப் புல்லை மேயவைத்து, ஒன்பது குழி வெட்டி முதல் மைதானத்தை உண்டாக்கினார்கள். மழைக்காலத்தில் அது சதுப்பாகிவிடும். மலைக்காரர்களின் எருமைகள், பரம்பரையாகப் படுத்த இடம் என்ற உரிமையில், வந்து குழிகளின் மேலேயே படுத்துக்கொள்ளும். துரைமார்கள் சில வருஷம் எருமைகளோடு வாதாடிப் பார்த்துவிட்டு மேட்டுக்கு ஏறிப்போய் இரண்டாவது மைதானம் அமைத்தார்கள். அங்கே உலக யுத்தத்தின்போது காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கூடாரம் போட்டதால், யூகலிப்டஸ் காட்டுக்கு அந்தப் பக்கம் போய் மூன்றாவது மைதானம் அமைத்தார்கள். அதற்குப் பிறகு கப்பலேறிப் போனார்கள். கிளப் தலைவர்களைக் குறித்து வைத்த தேக்குப் பலகையில் பொன்னெழுத்தில் இருந்த அவர்கள் பெயர்களுக்குக் கீழே, அதே பொன்னெழுத்தில், முதலில் பார்சிக்காரர் ஒருவர், பிறகு தோட்ட மானேஜர்கள், பிறகு டாக்டர்கள், வக்கீல்கள் என்று பெயர்கள் ஏறின. பள்ளத்தாக்கு நிலம் துண்டு துண்டாகக் கைமாறி, அதன் மேல் கடைத்தெருவும் கோயிலும் கோர்ட்டும் வந்தன. போன இடத்திலிருந்து ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டு அலுத்துப்போனவர்கள் தாங்களே புறப்பட்டு வந்துவிடுவதில்லையா, அந்த மாதிரி மைதானம் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் காரணம் தேட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. வந்ததை வைத்துக்கொண்டு வாழ்கிற வேலை இருந்தது.

ஒரு மாதத்துக்குள் ஊர் பழகிவிட்டது. புதனும் சனியும் ஆட்ட நாள் என்று நகராட்சியும் கிளப்பும் பேசி முடித்தன. அந்த இரண்டு நாளும் பஸ் நிலையத்தில் முதல் பந்து அடிக்கும்போது டிரைவர்கள் ஹாரன் அடிப்பதில்லை. மீன்காரிகள் குழியின் மேல் தார்ப்பாய் போட்டு வைத்து, ஆட்டக்காரர் வந்ததும் விலக்கிவிட்டு, ஐஸ் தண்ணீர் புல்லில் ஓடாதபடி அணை கட்டினார்கள். பதிவாளர் அலுவலகத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்தபடி, பந்து உருண்டு நிற்கிறவரை மூச்சுக் காட்டாமல் நின்றான். அப்படி நின்ற ஜோடிகள் சண்டை போடுவதில்லை என்று ஒரு பேச்சும் கிளம்பியது. எட்டாம் வகுப்புப் பெண்கள் வாய்ப்பாட்டை முணுமுணுவென்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்குள் இயந்திரம் நுழையாது என்பதால், புல்லை ஒட்டக் கடிப்பதற்குக் கிளப் கொஞ்சம் செம்மறி ஆடுகளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. ஆடுகளுக்கும் சம்பளமா என்று கேட்டவர்களுக்கு, சம்பளம் ஆட்டுக்காரருக்கு, சாப்பாடு ஆட்டுக்கு என்று கர்னல் பொறுமையாக விளக்கினார். நகராட்சி மட்டும், வரவேற்பறையில் புல் முளைத்த வீட்டை வீடாகக் கொள்வதா தோட்டமாகக் கொள்வதா என்று வெகு நாள் யோசித்துவிட்டு, யோசனையை அப்படியே விட்டுவிட்டது.

வரவேற்பறையில் புல் முளைத்த வீடு ஊரிலேயே ஒன்றுதான். அது அமலோற்பவத்தின் வீடு.

அமலோற்பவத்தை ஊரில் எக்ஸ்சேஞ்ச் அம்மா என்பார்கள். தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள். ஊரில் பிறந்தது, செத்தது, நிச்சயமானது, முறிந்தது எல்லாம் அவள் கை வழியாகத்தான் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குப் போயின. ஊருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. பிறகு இயந்திரம் வந்து தானாகவே இணைப்புக் கொடுக்கத் தொடங்கியதும், அந்தக் குரலும் வேலையற்றுப் போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் திருச்சியில் இருந்தது, பெரிய பண்டிகைகளுக்குப் பேசும். அப்பா கட்டிய வீட்டில், காலையில் எழுந்து, ஒரு ஆளுக்கு உலை வைத்து, ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து, சாயங்காலம் மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். சில நாட்களில், தன் குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, கடிகாரத்தைப் பார்த்து மணியை உரக்கச் சொல்வாள்.

அந்தத் தை மாதத்துக் காலையில் அவள் வரவேற்பறைக் கட்டிலிலிருந்து எழுந்தபோது, சிவப்புத் தரை இருந்த இடத்தில் சுவருக்குச் சுவர் புல் நின்றது. கட்டில் லேசாகச் சாய்ந்திருந்தது. யேசுநாதர் படத்துக்கு நேர் கீழே கொடி. அவள் புல்லில் கால் வைத்துப் பார்த்தாள், குளிர்ந்தது. கட்டிலைச் சமையலறைக்கு அடுத்த சின்ன அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு காப்பி போட்டாள்.

ஏழாம் குழிக்கான பந்தை மாதா கோயில் படிக்கட்டிலிருந்து அடிக்க வேண்டும். சரிவில் இறங்கி, நேரே அவள் வாசல் கதவுக்குள் நுழைய வேண்டும். முதல் புதன்கிழமை பந்துகள் சுவரில் பட்டு, ஓட்டில் பட்டு, பக்கத்து வீட்டு பேக்கரிச் சட்டியில் விழுந்தன. கடைசியில் ஒன்று உள்ளே உருண்டு வந்தது. பின்னாலேயே வாசலில் கர்னலும் இன்னும் மூன்று பேரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

"எக்ஸ்கியூஸ் மி மேடம், எங்க பந்து ஒண்ணு உள்ள வந்திருக்கு."

"பந்து வரலாம். நீங்க ஷூவைக் கழட்டிட்டு வாங்க" என்றாள் அமலோற்பவம்.

அது ஆணியடித்த ஷூ, கழற்ற நேரமாகும். ஆனாலும் கழற்றினார்கள். கர்னலின் காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து ஏழாம் குழியில் காலுறையோடு ஆடுவது என்பது கிளப்பின் வழக்கமாகிவிட்டது. வெளியூர் உறுப்பினர்களுக்கு அதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஆடி முடித்தவர்கள் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து எட்டாம் குழிக்கு அடிப்பார்கள். போகிற போக்கில், "என்ன சமையல் மேடம்?" என்று ஒருத்தர் கேட்பார். "ரசம்" என்பாள். "வாசனை தூக்குது" என்பார் இன்னொருத்தர். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையைப் புதனிலிருந்து சனிவரைக்கும், சனியிலிருந்து புதன்வரைக்கும் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும்.

பங்குனி வெயில் லேசாக எட்டிப் பார்த்த ஒரு புதன்கிழமை, சுவரில் படாமல், நிலைப்படியில் இடிக்காமல், அழைத்தவர் வீட்டுக்குள் வருகிற மாதிரி ஒரு பந்து உள்ளே வந்தது. பின்னால் வந்தவர் தனியாக வந்தார். பல் டாக்டர் போஜன். அவரும் ஓய்வு பெற்றவர். ஷூவைக் கழற்றி ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பந்தை ஆடாமல், அது கிடந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொத்தானை அடையாளம் வைத்துப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றார். வாசலில் நான்கு பேர் வந்தார்கள், ஆடினார்கள், சமையலறை வழியாகப் போனார்கள். இன்னும் நான்கு பேர் வந்தார்கள், போனார்கள். டாக்டர் நின்றுகொண்டே இருந்தார்.

"உங்க முறை எப்ப டாக்டர்?" என்று அமலோற்பவம் கேட்டாள்.

"பின்னால ஆள் இல்லாதப்ப."

அவர் விளக்கினார். அது கிளப்பின் ஆதி காலத்து விதி. இரண்டு பேராக வந்தாலும் நான்கு பேராக வந்தாலும் அவர்களுக்கு மைதானத்தில் உரிமை உண்டு. தனியாக ஆடுகிறவருக்குக் கிடையாது. பின்னால் யார் வந்தாலும் அவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். மேஜர் உத்தையா இருந்தவரை அவரும் டாக்டரும் ஜோடி. கார்த்திகையில் மேஜர் இறந்துபோனார். மற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நான்கு நான்கு பேராகச் சேர்ந்திருந்தார்கள்.

"உட்காருங்களேன். நிக்கணும்னு விதியா?"

"உட்காரக் கூடாதுன்னு விதி இல்ல."

சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டாள். டீ கொடுத்தாள். மற்றக் குழிகளில் அவர் மீன் நாற்றத்திலும் பஸ் புகையிலும் கல்லறைக் காற்றிலும் நின்று வழிவிட்டார். இங்கே மட்டும் உட்கார்ந்து வழிவிட்டார். கூட்டம் அதிகமான சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஒவ்வொரு தடவையும் நாலு பேர் காலுறையோடு சமையலறையைக் கடந்து போகும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, கடைசி ஆள் பின்கதவைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

"வேலையில இருந்த காலம் பூரா நான் பேசிட்டேதான் இருந்தேன்" என்றார் டாக்டர் ஒரு நாள். "ஆனா எனக்குப் பதில் சொன்னவங்க யாரும் இல்ல. வாய்ல கருவி இருக்கும்."

"ஆன்னு சொல்லியிருப்பாங்களே."

"அது எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்."

அவள் சிரித்தாள். சிரித்து வெகு நாளாகியிருந்ததால் பாதியில் இருமல் வந்துவிட்டது. "எனக்கு நேர் எதிர்" என்றாள். "எல்லாரும் பேசினாங்க. என்கூட இல்ல. கோயம்புத்தூர் கொடும்மா, குன்னூர் கொடும்மா. கொடுத்துட்டு விலகிடணும்."

"ஒட்டுக் கேட்டதில்லையா?"

"கேட்டிருக்கேன். உங்க ஆஸ்பத்திரிக்கு வந்த போன் எல்லாம் ஒரே அழுகை."

"வலியில அழுவாங்க."

"இல்ல டாக்டர். வரச்சொல்லிட்டாரே, வரச்சொல்லிட்டாரேன்னு அழுவாங்க."

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் பேக்கரி வைத்திருந்தாள். வர்க்கி சுடும் அடுப்பின் வெக்கையில் எப்போதும் முகம் சிவந்திருப்பாள், வாயும் அடுப்பு மாதிரிதான். "என்னக்கா, புதன்கிழமையானா வர்க்கி ரெண்டு பங்கு வாங்குற. வயித்துல பூச்சியா?" என்றாள்.

"வர்றவங்களுக்கு வேணாமா?"

"வர்றவங்க நாப்பது பேரு. பங்கு ரெண்டு. உன் கணக்கு எனக்குப் புரியலையே."

"உன் வேலையப் பாரு நூரு."

"அதத்தான் பாக்குறேன். நெறைய வெண்ணெ போட்டிருக்கேன், எடுத்துட்டுப் போ. பல் டாக்டருக்குப் பல்லு இருக்குல்ல?"

சித்திரை போய், வைகாசி போய், தென்மேற்கு மழை மலையேறி வந்தது. மழையிலும் ஆடினார்கள். டாக்டர் கல்லறைத் தோட்டத்தில் குடை இல்லாமல் ஒதுங்கி நின்று வழிவிட்டுவிட்டு, தொப்பியிலிருந்து நீர் சொட்ட அவள் வீட்டுக்கு வந்து சேர்வார். அப்படி ஒரு சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த கோயம்புத்தூர்க்காரர்கள் நான்கு பேர் பின்னாலேயே வந்தார்கள். எல்லோரும் முப்பது வயதுக்காரர்கள், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். டாக்டர் அப்போதுதான் குனிந்து தன் பொத்தானை வைத்துக்கொண்டிருந்தார்.

"சிங்கிளா அங்கிள்? கொஞ்சம் ஓரமா போயிடுங்க" என்றான் ஒருவன். கெட்ட எண்ணம் இல்லை; பஸ்ஸில் ஏறுகிறவன் சொல்கிற மாதிரி சொன்னான். அவர்கள் சிரித்துக்கொண்டும் தப்பு தப்பாக அடித்துக்கொண்டும் வெகுநேரம் ஆடினார்கள். டாக்டர் யேசுநாதர் படத்துக்கு எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றார். ஈரக் காலுறையிலிருந்து நீர் புல்லில் இறங்கியது.

அவர்கள் போன பிறகு அமலோற்பவம் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தலையைத் துவட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர்னா மைதானத்துல ஆள்" என்றார். "உத்தையா போன மறுநாள்லேர்ந்து நான் ஆள் இல்ல. விதி அப்படித்தான் சொல்லுது. நானும் சரின்னுதான் நிக்கிறேன்."

அதை அவர் புகாராகச் சொல்லவில்லை. ஆனால் அமலோற்பவம் வாழ்நாள் முழுக்க, அடுத்தவர் ஒன்று கேட்டால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தே பழகியவள். இன்ன குரல், இன்ன ஊர் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்; கேட்காமல் சொல்லப்பட்ட வார்த்தையை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. திங்கட்கிழமை காலை, நல்ல சேலை கட்டி, குடை எடுத்துக்கொண்டு, யூகலிப்டஸ் காட்டு வழியாக ஏறி, பிறந்ததிலிருந்து வெளியிலிருந்தே பார்த்த கிளப்புக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். இங்கே கழற்ற வேண்டாம் மேடம் என்று பதறி வந்தார் பட்லர்.

பொன்னெழுத்துப் பலகைகளுக்குக் கீழே கர்னல் எழுந்து நின்றார். "உங்க குரலை நான் எப்பவோ கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். "அந்தக் காலத்துல எல்லையிலேர்ந்து வீட்டுக்கு ட்ரங்க் கால் போடுவேன். மூணு நிமிஷம் முடிஞ்சும் நீங்க வெட்ட மாட்டீங்க. நானும் என் மனைவியும் பேச ஒண்ணும் இல்லாம சும்மா இருப்போம். அப்பவும் வெட்ட மாட்டீங்க. என்ன வேணும், சொல்லுங்க. ஷூவுக்குத் தனியா ஒரு அலமாரி வேணுமா?"

அவள் சொன்னாள். தனியாக ஆடுகிறவரை இனி ஒதுக்கக் கூடாது என்று சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அடுத்தவருக்காகப் பேசும்போது அது நடுங்கியதே இல்லை.

ஆனி மாதத்துப் பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வந்தது. துரைமார் காலத்து விதியை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். காலுறையோடு ஆடுவது எந்தத் துரை போட்ட விதி என்று இன்னொருவர் கேட்டார். கர்னல் ராணுவக்காரர், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்: தனியாக ஆடுகிறவருக்கு உரிமை உண்டு என்பதோடு நிறுத்தாமல், அவர் ஆடி முடிக்கிறவரை பின்னால் எத்தனை பேர் வந்தாலும் காத்திருக்க வேண்டும், எக்காரணத்தைக் கொண்டும் அவரை முந்தக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். அவரவர் தம் ஜோடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள்.

அடுத்த புதன்கிழமை பந்து உள்ளே வந்தது. டாக்டர் உள்ளே வந்தார். வாசலில் நான்கு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் பந்தை ஒரு முறை பார்த்தார், குழியை ஒரு முறை பார்த்தார், உருட்டினார். அது போய் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு சமையலறை வழியாக நடந்தார். ஸ்டூலைத் தாண்டினார்.

"டீ" என்றாள் அமலோற்பவம்.

"பின்னால காத்துட்டு இருக்காங்க." பின்கதவில் ஒரு நொடி நின்றார். "இத்தனை நாளா தொந்தரவு கொடுத்திட்டேன். கர்னல் சொன்னாரு, நீங்களே வந்து கேட்டீங்கன்னு. எனக்கே தோணியிருக்கணும். தனியா இருக்கிறவங்க வீட்டுல ஒரு ஆள் எவ்வளவு நேரம் உட்கார்றது."

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பந்து அடிபடும் சத்தம் கேட்டது. அப்படி இல்லை என்று சொல்வதற்கான வாக்கியத்தை அவள் தேடிக்கொண்டிருந்தாள். பிறர் வாக்கியங்கள் ஆயிரக்கணக்கில் அவள் காது வழியாகப் போயிருந்தன. காதலித்தவர்கள் சொன்னது, கெஞ்சியவர்கள் சொன்னது, கோபத்தில் வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டவர்கள் சொன்னது. அவற்றில் ஒன்றாவது எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் எல்லாவற்றிலும் இன்னொருவர் பெயர் இருந்தது.

"உனக்கு யாராவது மருந்து வச்சிட்டாங்களா அக்கா?" என்றாள் நூர்ஜஹான். "வந்து உட்கார்ற மனுஷன நிக்காம போக வழி பண்ணிக் குடுத்திட்டு வந்திருக்க."

"அவர் நின்னது கஷ்டமா இருந்துது நூரு."

"அவர் எங்க நின்னாரு? உட்கார்ந்தில்ல இருந்தாரு."

அந்தச் சனிக்கிழமை டாக்டர் வந்தார், உருட்டினார், போனார். அடுத்த புதன், அடுத்த சனி. வணக்கம் சொன்னார், வணக்கம் சொன்னாள். முந்தி ஊரில் யாருமே வராமல் இருந்த வீட்டின் தனிமை ஒரு விதம். அது ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மூடுபனி. இது வேறு. இது வாரத்துக்கு இரண்டு தடவை ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, சமையலறை வழியாகப் போயிற்று. மற்றவர்கள் வழக்கம்போல என்ன சமையல் என்று கேட்டார்கள், ரசம் என்றாள். அந்த வார்த்தை இப்போது அடுத்த ஆட்டம்வரைக்கும் தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயிற்று. ஆடுகள் வந்து அவள் வரவேற்பறையில் மேயும்போது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது; அவை அவசரப்படவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கிளப்பின் வருடாந்தரப் போட்டி. மைதானம் நிறைய ஆட்கள். டாக்டரின் பந்து எப்போதும்போலச் சுவரில் படாமல் உள்ளே வந்து, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. வாசலில் நான்கு பேர் நின்றார்கள்; அவர்களுக்குப் பின்னால் கோயில் படிக்கட்டில் இன்னும் நான்கு பேர் தெரிந்தார்கள். தனியாக ஆடுகிறவருக்குக் கொடியைப் பிடிக்க ஆள் இல்லை, அதனால் அமலோற்பவம் கொடியைப் பிடித்துக்கொண்டாள். விதி மாறிய பிறகு தனியாக ஆட வந்த மற்றவர்களுக்கும் அவள் இதைச் செய்வதுதான். கொடிக் கம்பை உருவி எடுத்து ஒதுங்கி நின்றாள். அவர் குனிந்தார்.

"அவசரமா டாக்டர்?" என்றாள்.

அவர் குனிந்தபடியே, "பின்னால ஆள் நிக்கிறாங்களே" என்றார்.

"இப்ப அவங்கதானே நிக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பல் டாக்டர்களுக்கு ஒரு பார்வை உண்டு. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களிடம் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பார்வையால் அவளை, அவள் கையிலிருந்த கம்பை, அதன் நுனியில் ஆடிய சிவப்புத் துணியைப் பார்த்தார்.

"நான் போய்க் கேட்டது உங்களுக்காக" என்றாள் அவள். "எனக்காகக் கேட்டிருந்தா வேற மாதிரி கேட்டிருப்பேன்."

வாசலில் நின்றவர்களுக்கு இது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் மறுபடி குனிந்தார். ஒரு முழ தூரம். பங்குனியிலிருந்து அந்தப் புல்லில் அவர் அந்தத் தூரத்தைத் தவறவிட்டதை அவள் பார்த்ததில்லை. உருட்டினார். பந்து குழியின் விளிம்புவரை போய், எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்றது. அவர் நிதானமாகச் சுற்றி நடந்துபோய், அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தார். மண்டியிட்டுப் பார்த்தார். எழுந்து, மட்டையைத் துண்டால் துடைத்தார். உருட்டினார். பந்து இந்தப் பக்கம் வந்து நின்றது.

"என்ன ஆச்சு டாக்டர் சார்?" என்றார் வாசலிலிருந்து ஒருவர்.

"புல் சரியா பிடிபடல" என்றார் டாக்டர்.

இன்னொரு முறை தவறவிட்டார். சரிவில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டம் நிறைந்து, பள்ளிக்கூட வராந்தா நிறைந்தது. பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மாப்பிள்ளை, பெண்ணின் கையை விடாமல், முன்னால் நிற்கிற ஆட்டக்காரர் எப்போது நகர்வார் என்று காத்திருந்தான். மீன்காரிகள் தார்ப்பாயை மறுபடி போர்த்தினார்கள். பஸ் நிலையத்தில் முதல் பந்து அடிக்க வேண்டியவர்கள் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்க, கோத்தகிரி வண்டி ஹாரன் அடிக்காமல் நின்றது. எல்லோருக்கும் விதி தெரியும். முந்தக் கூடாது. வாசலில் கர்னல், ஒரு கால் ஷூவைக் கழற்றியவர் மற்றதைக் கழற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு முழ தூரத்தை ஒரு மனிதர் எவ்வளவு நேரம் தவறவிட முடியும் என்று அமலோற்பவத்துக்குத் தெரியவில்லை. வெகு நேரம் முடியாது. குழியின் சரிவு அப்படி. வேண்டாம் என்றாலும் ஒரு தடவை பந்து உள்ளே விழுந்துவிடும், தகரக் குவளையின் அடியில் அந்தச் சத்தம் கேட்கும், அவர் குனிந்து எடுத்துக்கொண்டு போவார், பின்னால் ஊரே நகரும். அவள் கொடிக் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, டீக்குப் பாலை வைத்துவிட்டு, அது பொங்க எடுத்துக்கொள்கிற நேரத்துக்குள் அந்தச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று, அடுப்பைப் பார்த்து நின்றபடி, முதுகுப் பக்கம் முழுவதையும் காதாக்கிக்கொண்டாள். புல்லில் பந்து உருளும் மெல்லிய அரவம் கேட்டது, நின்றது. காலுறை போட்ட பாதங்கள் அந்தப் பக்கம் சுற்றி நடப்பது கேட்டது.

"இதுவும் போகல" என்றார் டாக்டர், சமையலறைப் பக்கம் பார்த்து.

"பரவாயில்ல" என்றாள் அமலோற்பவம். "இருங்க."